அடைப்புக்குறிக்குள் அப்பா

ஃபிரிட்ஜ் சத்தம் போடும் என்பது ஆர்டிஸுக்கு அறுபது வயது தாண்டித்தான் தெரியவந்தது. டிவியில் ஏதோ கொலைகாரன் கதை. இருட்டான சமையலறையில் ஒருவன் கத்தியோடு நிற்கிறான். திரையின் கீழே அடைப்புக்குறிக்குள் எழுத்து ஓடுகிறது: [ஃபிரிட்ஜ் உறுமுகிறது]. ஆர்டிஸ் கொலைகாரனை அப்படியே நிறுத்திவைத்துவிட்டுப் போய்த் தன் வீட்டு ஃபிரிட்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். நடுங்கியது. நடுங்கும் என்பது எப்போதும் தெரிந்ததுதான். அந்த நடுக்கம் அறையைத் தாண்டி வந்து ஒருத்தர் காதில் விழும் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

தரையை ஓங்கி மிதித்தாள். அந்த வீட்டில் ஆளைக் கூப்பிடுவது அப்படித்தான். பலகை அதிர்ந்ததும், கூடத்தில் செய்தித்தாளோடு இருந்த அவள் புருஷன் டெல்மர் நிமிர்ந்து பார்த்தான்.

"யோவ், இந்த ஃபிரிட்ஜ் கத்துதாம்யா! வாங்கின நாள்லேருந்து கத்திக்கிட்டே இருந்திருக்கு."

"உன்னைக் கட்டின நாள்லேருந்து நானும்தான் கத்துறேன். யாருக்குக் கேட்டுச்சு?" என்றான் டெல்மர்.

என்றான் என்றால் கையால்தான். இரண்டு பேருக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்து ஃபேரிபோ ஊரில் அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. காது கேளாதோர் பள்ளிக்கூடம் இருக்கிற ஊர். மளிகைக் கடையில் பில் போடுகிற பெண்ணுக்குக்கூடக் கொஞ்சம் கை பேச்சு வரும். ஆர்டிஸ் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள், பிறகு அதன் விடுதிச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தாள், அங்கே சந்தித்த டெல்மரையே கட்டிக்கொண்டாள். டெல்மர் பத்திரிகை அச்சகத்தில் இருந்தவன். மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்த இடத்தில் அவன் மட்டும் நிம்மதியாக வேலை பார்த்தான்.

சத்தங்களைப் பற்றி ஆர்டிஸுக்குத் தெரிந்ததெல்லாம் திரையின் கீழே எழுத்தாக ஓடும் கேப்ஷன் சொல்லிக்கொடுத்ததுதான். பனியில் நடந்தால் நொறுநொறுக்கும், வயிறு உறுமும், பழைய கதவு முனகும். சிலதைத் தப்பாகவும் படித்து வைத்திருந்தாள். படங்களில் சூரியன் உதிக்கும்போதெல்லாம் கீழே ஓர் இசைக்குறி வரும், [இசை எழுகிறது] என்று எழுத்தும் வரும். சரி, சூரியன் வரும்போது ஏதோ பாட்டு கேட்கும்போல, பண்ணையில் அப்பா விடியும் முன்னே எழுந்து போனது அதைக் கேட்கத்தான் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் இதைத் தங்கை கோரீனிடம் சொன்னபோது, அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரைக்கே வந்துவிட்டாள்.

"அப்பா போனது பால் கறக்கடி! பாட்டு கேக்கவா போனாரு?"

"அப்ப அந்த இசைக்குறி எதுக்கு?"

"அது படத்துல போடுறது. நிஜ சூரியன் வாயைத் திறக்காது."

"படத்துல மட்டும் எதுக்குப் போடுறானுங்க? பொய்தானே அது?" என்றாள் ஆர்டிஸ். கேட்டது கோரீனிடம். அவளோ பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவள்.

கேப்ஷன் வருவதற்கு முன்னாலும் டிவி பார்த்திருக்கிறார்கள். ஃபேரிபோவின் காது கேளாதோர் சங்கத்தில் பெண்கள் மத்தியானம் கூடி ஒரு தொடர் பார்ப்பார்கள். வாயசைவில் பாதி, ஊகத்தில் பாதி. கதையை இவர்களே கட்டிக்கொள்வார்கள். அதில் ஒரு டாக்டர், ஒரு பணக்காரி. அவர்கள் அண்ணன் தங்கை, சின்ன வயதில் பிரிந்தவர்கள், ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளாமல் தவிக்கிறார்கள் என்று முடிவு செய்து எத்தனையோ மாதம் அழுதார்கள். பிறகு ஒரு குளிர்காலத்தில் டெல்மர் கூடுதல் நேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் டிகோடர் பெட்டி வாங்கி வந்தான். டிவியோடு இணைத்தால் சில நிகழ்ச்சிகளில் எழுத்து வரும். அக்கம்பக்கமெல்லாம் வந்து தரையில் உட்கார்ந்தது. அந்தத் தொடரில் எழுத்து வந்த முதல் நாள்தான் தெரிந்தது, டாக்டரும் பணக்காரியும் கள்ளக்காதலர்கள். அத்தனை மாத அழுகையும் வீண். கடைசியில் ஆர்டிஸ்தான் சொன்னாள், "நம்ம கதை இதைவிட நல்லா இருந்துச்சு."

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிக்காமல் சொல்கிற விஷயம் ஒன்றுதான், அது வீட்டு மேஜை.

சின்ன வயதில் வாரக் கடைசியில் விடுதியிலிருந்து பண்ணைக்கு வருவாள். அம்மா, அப்பா, அண்ணன் ஹால்வர், தங்கை கோரீன், எல்லோரும் மேஜையைச் சுற்றி. வாய்கள் ஓடும். ஒருத்தர் சொல்ல நாலு பேர் சிரிப்பார்கள். "என்ன? என்ன?" என்று அம்மாவின் முழங்கையைத் தட்டுவாள். "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பாள் அம்மா. அந்த அப்புறம் வந்ததே இல்லை. வீட்டில் கை பேச்சு கற்றுக்கொண்டவள் கோரீன் ஒருத்திதான். வைக்கோல் பரணில் உட்கார்ந்து அக்காவிடம் கற்றுக்கொண்டாள். அன்று முதல் அவள்தான் அக்காவுக்குக் காது.

ஒரு தேங்க்ஸ்கிவிங் விருந்து ஆர்டிஸின் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. அப்போது அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு பையன்கள். கோரீனின் அப்போதைய புருஷன் புதிதாக வீடியோ கேமரா வாங்கியிருந்தான். அதை மூன்று கால் தாங்கியில் ஏற்றி ஆர்டிஸின் முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டான். விருந்து நடுவே, எதிரே உட்கார்ந்திருந்த அப்பா முள்கரண்டியை வைத்துவிட்டு ஆர்டிஸை நேராகப் பார்த்து ஏதோ சொன்னார். அப்பா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு நீளமாகச் சொன்னார். மேஜை முழுக்க வாய்கள் நின்றுபோயின. ஹால்வர் தட்டைப் பார்த்தான். அம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். கோரீன் அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் இருந்தாள். ஆர்டிஸ் அம்மாவைத் தட்டினாள். ஒண்ணுமில்ல என்றாள் அம்மா.

அடுத்த வசந்தத்தில் அப்பா போய்விட்டார். அம்மாவும் பிறகு போய்ச் சேர்ந்தாள். அப்பா என்ன சொன்னார் என்று ஆர்டிஸ் ஹால்வரிடம் எழுதிக் கேட்டிருக்கிறாள், ஒரு தடவை அல்ல, பல தடவை. "ஞாபகம் இல்ல" என்று எழுதிக் கொடுத்தான். இன்னும் அதே பண்ணையில்தான் இருக்கிறான்.

போன இலையுதிர்காலத்தில் ஹால்வரின் நிலவறையைச் சுத்தம் செய்தபோது அந்த டேப் அகப்பட்டது. கோரீன் அதைக் கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டாள். "முழுசுக்கும் எழுத்து போட்டுக் கொண்டாறேன். ஒரு வார்த்தை விட மாட்டேன்" என்று சத்தியம் செய்தாள்.

"இருமினாக்கூட போடணும்" என்றாள் ஆர்டிஸ். "கேக்கறவங்களுக்கு இருமல்கூட ஓசியில கெடைக்குது. எனக்கும் வேணும்."

ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. பனி விழுந்து இறுகிய பிறகு, ஒரு சனிக்கிழமை காலை கோரீன் வந்தாள். வாசல் மணியை அழுத்தியதும் கூடத்து விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கதவைத் திறந்த ஆர்டிஸ் தங்கையை மேலும் கீழும் பார்த்தாள்.

"குண்டாயிட்டே. தலைக்கு என்ன கலர் இது, துருப்பிடிச்ச வாளி மாதிரி?"

"நீயும் நல்லாத்தான் இருக்கே, கெழவி" என்று கோரீன் பூட்ஸைக் கழற்றினாள். கை பேசுகிறவர்கள் பார்த்ததைச் சொல்வார்கள். அதில் கோபமும் கிடையாது, மன்னிப்பும் கிடையாது.

டெல்மர் டிவியில் படத்தை ஓடவிட்டான். அப்பா வந்தார், தடித்த மீசையோடு. அம்மா, ஹால்வர், ஓரத்தில் ஒரு குழந்தையின் கை. கீழே எழுத்து ஓடத் தொடங்கியது. ஆர்டிஸ் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

வான்கோழி உலர்ந்துபோயிற்று என்று அம்மா சொல்கிறாள். இல்லை என்று நாலு பேர் பொய் சொல்கிறார்கள். சர்ச்சில் ஹீட்டர் ரிப்பேர், யார் காசு கொடுப்பது. ஹால்வர் டிராக்டருக்கு டயர் மாற்ற வேண்டும் என்கிறான். [கரண்டி விழுகிறது]. லெஃப்சா ரொட்டியில் சர்க்கரை தூவுவது பாவமா இல்லையா என்று ஒரு சண்டை. [அப்பா இருமுகிறார்]. ஆர்டிஸ் ஒவ்வொரு வரியிலும் படத்தை நிறுத்தி இரண்டு தடவை படித்தாள். அந்த வாய்களிலிருந்து பெரிய பெரிய சமாச்சாரங்கள் வந்துகொண்டிருந்தன என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பார்த்தால் டயரும் சர்க்கரையும்.

"இதுக்கா நீ அம்மாவைப் போட்டு இடிச்சே?" என்றான் டெல்மர்.

"இதுக்குத்தான்" என்றாள் ஆர்டிஸ். "இந்த டயர் கதையைக் கேட்டுத்தானே இவங்கெல்லாம் ஒரு குடும்பமா இருந்திருக்காங்க. நான் கோழியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அப்பா முள்கரண்டியை வைத்தார். கேமராவை நேராகப் பார்த்தார். அதாவது கேமராவுக்கு முன்னால் இருந்த ஆர்டிஸை. மீசை அசைந்தது. கீழே எழுத்து வந்தது:

[குடும்பத்தார் பேசிக்கொள்கிறார்கள்]

அவ்வளவுதான். மீசை அசைந்துகொண்டே இருக்க, அந்த ஒரே வரி அப்படியே நின்றது. அம்மா கண்ணைத் துடைத்தாள். திரையின் ஓரத்தில் தெரிந்த ஆர்டிஸின் பின்னந்தலை மேலும் கீழும் ஆடியது. அப்போதைய ஆர்டிஸ் அப்பாவைப் பார்த்து நன்றாகத் தலையாட்டுகிறாள், எல்லாம் புரிந்த மாதிரி.

ஆர்டிஸ் படத்தை நிறுத்தினாள். முதலில் தன்மேல்தான் கோபம் வந்தது. "ஒரு எழவும் புரியல, எதுக்குடி தலையாட்டினே?" என்று திரையில் இருந்த தலையைக் கேட்டாள். பிறகு தங்கை பக்கம் திரும்பினாள்.

"இது என்ன?"

"எது?"

"குடும்பத்தார் பேசிக்கொள்கிறார்கள். பேசுறது எனக்கும்தான் தெரியுது. என்ன பேசுறாரு?"

கோரீன் கையை மடியோடு வைத்துச் சின்னதாகச் சொன்னாள், "ஒண்ணுமில்ல. சும்மா பேச்சுதான்."

டெல்மர் எழுந்து காபி போடப் போய்விட்டான். அவனுக்கு அந்த வார்த்தையின் விலை தெரியும்.

"ஒண்ணுமில்லையா?" ஆர்டிஸின் கைகள் ஒன்றோடொன்று அறைந்துகொண்டன. "டயருக்கு எழுத்து இருக்கு, இருமலுக்கு எழுத்து இருக்கு, அப்பா எனக்குச் சொன்னதுக்கு மட்டும் இல்லையா? என்னைத் திட்டினாரா? திட்டினா திட்டிட்டுப் போறாரு. எனக்கென்ன தோலா உரிஞ்சு போயிடும்? நீயும் அம்மா மாதிரி ஆயிட்டியா?"

"சத்தியமா மறைக்கலடி."

"அப்ப ஏன் எழுதல?"

கோரீன் ஜன்னலைப் பார்த்தாள். கை பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது, மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வது மாதிரி. ஆர்டிஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள், கூடத்து விளக்கு விட்டுவிட்டு எரியாமல் இருந்திருந்தால்.

உப்பு மூட்டை வந்திருந்தது, வீட்டுக்கு வரும் கடினத் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரத்தில் போடுகிற உப்பு. கதவுக்குப் பக்கத்தில் இருந்த கோரீன் தப்பித்தோம் என்று போய்த் திறந்தாள். ஆர்டிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டையைத் தோளில் வைத்திருந்த ஆள் கேட்டான். அவன் வாய் தெளிவான வாய், கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே படிக்க முடிந்தது. கராஜிலா, நிலவறையிலா என்று கேட்கிறான்.

கோரீன் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

அவன் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு மறுபடி கேட்டான். கோரீன் இன்னும் நன்றாகச் சிரித்து, இன்னும் நன்றாகத் தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டல் ஆர்டிஸுக்கு அத்துப்படி. இப்போதுதான் திரையில் தன் பின்னந்தலையில் பார்த்தாள். காது கேளாத ஒவ்வொருத்தருக்கும் அது கூடவே பிறந்தது. புரியவில்லை என்று மூன்றாவது தடவை சொல்லக் கூச்சப்பட்டு, ஆளை அனுப்பிவைக்கப் போடுகிற தலையாட்டல். கேட்கிறவர்களுக்கு அது வராது. தேவையே இல்லை.

ஆர்டிஸ் போய்க் கராஜ் பக்கம் கையைக் காட்டி உப்புக்காரனை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, தங்கையின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"எப்பேருந்து?"

"என்ன எப்பேருந்து?"

"நடிக்காதே. போன மாசம் நான் உள்ள வரும்போதே உன் வீட்டு டிவியில எழுத்து ஓடுச்சு. கேட்டதுக்குப் பாத்திரம் கழுவுற மிஷின் சத்தம்னு சொன்னே. மிஷின் அன்னைக்கு ஓடவே இல்ல, நான் கையை வெச்சுப் பாத்தேன். எப்பேருந்துடி காது கேக்கல?"

கோரீன் சுவரோரம் இருந்த பூட்ஸ் பெஞ்சில் உட்கார்ந்தாள். "மூணு நாலு வருஷமா. முழுக்கப் போகல. சத்தம் வருது, வார்த்தை வர மாட்டேங்குது. எல்லாம் தண்ணிக்கு அடியில பேசுற மாதிரி. அத்தனை வருஷம் டிரம்ஸு பக்கத்துலயே நின்னேன் இல்ல, அதுதான்."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அறிவிருக்கா? பொறந்ததுலேருந்து காது கேக்காத அக்கா ஒருத்தி குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். எங்கிட்டயாவது சொல்லக் கூடாது?"

"உங்கிட்ட சொல்லத்தான் ரொம்பக் கஷ்டம்" என்றாள் கோரீன். கைகள் மெதுவாக வந்தன. "உனக்குக் காதா இருந்ததுதான் நான். அது போச்சுன்னா நான் எதுக்கு?"

ஆர்டிஸ் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "காதுக்காகவா உன்னை வெச்சிருக்கேன்? பனியில டெல்மர் கார் ஓட்டினா பள்ளத்துல விட்டுடுவான், அதுக்கு வெச்சிருக்கேன்."

கோரீன் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் மூக்கை உறிஞ்சினாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். மற்ற பேச்சையெல்லாம் சத்தத்தை முழுசாக வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிவிட்டாள். அம்மா குரல் உரக்க இருக்கும், ஹால்வர் கத்துவான். அப்பாதான் எப்போதும் மீசைக்குள்ளேயே பேசுவார். போதாக்குறைக்குப் பக்கத்து அறையில் கால்பந்து ஓடுகிறது, குழந்தை அழுகிறது. கம்ப்யூட்டர் தானாக எழுத்து போடும் என்றார்கள், போட்டுப் பார்த்தாள். அத்தனை நீளப் பேச்சில் அது பிடித்தது 'தட்டு' என்ற ஒரே வார்த்தை.

"வேற யாராவது காது நல்லாருக்கிற ஆளுகிட்ட கொடுத்தா?" என்று காபியோடு வந்த டெல்மர் கேட்டான்.

"எங்கப்பா பேசினதை ஊரான் கேட்டுச் சொல்லணுமா?" என்றாள் ஆர்டிஸ். "எந்திரிடி. அரைக் காது உங்கிட்ட இருக்கு, கண்ணு எங்கிட்ட இருக்கு. அன்னைக்கு ஒரு தடவைதான் சொன்னாரு, அதுவும் வாயில கெழங்கோட. இன்னைக்கு ஆயிரம் தடவை சொல்ல வைக்கலாம்."

கோரீன் சத்தத்தை முழுசாக ஏற்றிக் காதை டிவியின் ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டாள். ஆர்டிஸ் மூக்கு திரையில் இடிக்கிற தூரத்தில் மண்டிபோட்டாள். படம் ஓடும், நிற்கும், பின்னால் போகும். அப்பாவின் பேச்சு ஏறி இறங்குவதைக் கோரீன் அக்காவின் தோளில் தட்டிக் காட்டினாள். நீளமானதற்கு அழுத்தித் தேய்ப்பாள், குட்டையானதற்கு ஒரு தட்டு. மேல் உதடு மீசைக்குள் இருந்தாலும் கீழ் உதடு தெரிந்தது. பல் உதட்டைத் தொடும் இடம், வாய் மூடுகிற இடம், குவிகிற இடம், எல்லாம் ஆர்டிஸ் சொன்னாள். சொன்னதைக் கோரீன் தன் காதில் விழுந்த ஓசையோடு வைத்துப் பார்ப்பாள். ஒட்டினால் தலையசைப்பாள், ஒட்டாவிட்டால் மறுபடி.

டெல்மரும் தன் பங்குக்குச் சொன்னான், "கோழி நல்லா இல்லைங்கிறாரு."

"நீ வாயை மூடு" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைக் காட்டினார்கள்.

முதலில் பிடிபட்டது ஆர்டிஸின் பெயர். அப்பா அவளை 'ஆர்டி' என்றுதான் சொல்லியிருக்கிறார். அவளுக்குத் தெரியவே தெரியாது. அந்த இடத்தை மட்டும் இன்னும் மூன்று தடவை ஓடவிட்டாள். பிறகு தட்டு வந்த இடம். பிறகு பார்ப்பது, பார்க்காதது. ஒரு சொல் இழுக்க அடுத்த சொல் கூடவே வந்தது. இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடுப்பில் வைத்த ஹாட்டிஷ் அடிபிடித்து வீடெல்லாம் நாற்றம் வந்தபோதுதான் எழுந்தார்கள். டெல்மர் அடுப்பை அணைத்தான். கோரீன் கம்ப்யூட்டரில் அடைப்புக்குறியை அழித்துவிட்டு எழுதினாள். திரையில் அப்பா முள்கரண்டியை வைத்தார். கீழே எழுத்து வந்தது:

நான் வாயைத் திறந்தா நிமிந்து பாக்குறது இந்த மேஜையில ஆர்டி ஒருத்திதான். மத்தவங்க எல்லாம் தட்டைப் பாக்குறீங்க. ஒரு வார்த்தை அவளுக்குப் போகல, ஆனாலும் பாத்துக்கிட்டே இருக்கா.

அதற்குமேல் அப்பா அம்மா பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டார். வாய் தெரியவில்லை. யாரோ நாற்காலியை இழுத்த சத்தம் அந்த இடத்தை மூடிவிட்டது என்றாள் கோரீன். மீசையின் ஓரம் மட்டும் இன்னும் கொஞ்சம் அசைந்தது. அந்த இடத்தில் கோரீன் [தெளிவாக இல்லை] என்று எழுதினாள். ஆர்டிஸ் ஒப்புக்கொண்டாள். தெரியாததைத் தெரியாது என்று போட்டால் அதில் ஏமாற்று இல்லை.

ஆர்டிஸ் படத்தைத் தன் பின்னந்தலை ஆடுகிற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு சொன்னாள்:

"நான் தலையாட்டிட்டேன். புரிஞ்சிடுச்சுன்னு நெனச்சிருப்பாரு. ஆட்டாம இருந்திருந்தா இன்னொரு தடவை சொல்லியிருப்பாரு."

"நீ என்ன பண்ணுவே?" என்றாள் கோரீன். "பாவம், அத்தனை பேரு முன்னாடி."

"அதான் சொல்றேன். திங்கக்கிழமையே காது டாக்டர்கிட்ட நேரம் வாங்கு. இனிமே எவன் முன்னாடியும் நீ தலையாட்டினே, பின்மண்டையில ஒண்ணு போடுவேன். கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லு. அவன் பத்துத் தடவை சொல்லட்டும், வாயா வலிக்கப் போகுது?"

பிறகு, "ஹால்வருக்கு அனுப்பு" என்றாள்.

கோரீனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வேணாம்டி. அண்ணன் மனசு கஷ்டப்படும். தட்டைப் பாத்தவங்கள்ல அவன்தான் முதல்."

"படட்டும். நான் இத்தனை வருஷம் பட்டேன். அவனும் ஒரு தடவை எழுத்தைப் படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்."

அனுப்பினார்கள். கருகிய பகுதியைச் சுரண்டிவிட்டு ஹாட்டிஷைச் சாப்பிட்டார்கள். நல்லா இல்லை என்று டெல்மர் சொன்னான், யாரும் மறுக்கவில்லை. கோரீன் கிளம்பும் நேரம் வந்தது. கோட்டு போட்டு, சமையலறையில் பேசி, கதவோரம் பேசி, பூட்ஸ் மாட்டிக்கொண்டு பேசி, கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசி, பாதிப் பிரியாவிடை முடிந்திருந்தபோது ஆர்டிஸின் கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. ஹால்வர்.

"ஆமா. அப்படித்தான் சொன்னார்" என்று எழுதியிருந்தான்.

ஆர்டிஸ் அதைத் தங்கையிடம் காட்டினாள். "ஞாபகம் இல்லைன்னானே, களவாணி."

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை அவன் எழுத நேரம் எடுத்துக்கொண்டிருந்தான். பனியில் இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு படித்தார்கள்.

"தெளிவா இல்லைன்னு போட்டிருக்கீங்களே, அந்த இடம். அம்மாவைப் பாத்துச் சொன்னாரு. யாராவது இதை அவகிட்ட சொல்லுங்கன்னு. நாங்க யாரும் சொல்லல. அடுத்த மாசம் சொல்லிக்கலாம்னு இருந்தோம். அப்புறம் அவரு போயிட்டாரு, அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டுச் சொல்றது? நீ கேட்டப்பெல்லாம் ஞாபகம் இல்லைன்னு எழுதினது பொய்."

கோரீன் கையுறையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆர்டிஸ் அழவில்லை. கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, குளிரில் சிவந்த ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். அனுப்பும் முன்னே தங்கையிடம் காட்டினாள்.

"அப்பாவோட கடைசி வரியையும் எழுத்துல சேக்கக் கோரீன்கிட்ட சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. எனக்கு நேர் எதிர்ல உக்காரு."